பூநாரையும் உப்பு நிலமும்

வேதாரண்யம் என்றவுடன் தமிழருக்கு நினைவு வருவது 1930-ஆம் வருஷத்து உப்பு சத்தியாக்கிரகமே. ஸ்ரீ ராஜகோபாலாச்சாரியார் தலைமையில் தொண்டர்கள் உப்பெடுத்த அக்கரையை அடுத்த கோடிக்கரைச் சதுப்பிற்குக் குளிர்காலந்தோறும் பூநாரைகள் வருகின்றன. பயிர் விளையாத உவர்நிலமெல்லாம் பாழ்நிலம் என்போருக்கு இப்பக்ஷியின் வாழ்க்கையே தக்க மறுப்பாகும்.

நாலடி உயரம் நிற்கும் பூநாரை, வளைந்த அலகைத் தலைகீழாக நீரில் அமிழ்த்தி, நாவினால் நீரை இழுத்து வெளியே தள்ளுகிறது. அலகின் ஓரத்துச் சல்லடையில் சிற்றுயிர்களும் பாசியும் தங்கிவிடுகின்றன. இறகுக்கு ரோஜா நிறம் தருவதும் இவ்வுணவே. நீர் வற்றினால் இவ்வுணவும் இல்லை.

அதன் சந்ததி விருத்தியோ இன்னும் அருமையானது. இந்தியாவில் அது குஞ்சு பொரிக்கும் முக்கிய ஸ்தலம் கட்ச் ரண். அங்கே 1945-ல் சுமார் 5 லக்ஷம் பூநாரைகள் திரண்டிருந்ததாகப் பக்ஷி சாஸ்திர நிபுணர் ஸலீம் அலி மதிப்பிட்டார். சேற்று மேட்டுக் கூட்டில் அது இடுவது ஒரே முட்டை. மழை பொய்த்த வருஷத்தில் அதுவுமில்லை. ஆயினும் பூநாரை 30 வருஷத்திற்கு மேலும் உயிர் வாழக்கூடியது. ஆகவே, பல வருஷம் குஞ்சு பொரிக்காவிடினும் கூட்டம் குறைந்ததாகத் தோன்றாது. இளம் பறவையின் நிறம் சாம்பல். கூட்டத்தில் சாம்பல் நிறம் எவ்வளவு என்பதே உண்மைக் கணக்கு. சிவந்த கூட்டத்தைக் கண்டு மகிழ்ந்து அதிகாரிகள் வாளாவிருப்பது தகாது.

கோடிக்கரை 1967 முதல் சரணாலயமாக இருக்கிறது. 2002-ல் ராம்ஸார் பட்டியலிலும் சேர்ந்தது. ஆனால் பட்டியல் நீரைக் கொண்டுவராது. சதுப்பின் ஒரு பகுதி தொழிற்சாலைகளுக்கான உப்பளமாகியிருக்கிறது. உப்பளமே கூடாதென்று நாம் கூறவில்லை. உப்புக்காகச் சிறை சென்ற நாட்டார் அவ்வாறு கூறவும் மாட்டார்கள். ஆனால், உப்பு பொதுஜனங்களின் சொத்து என்று அன்று வாதாடிய நாம், அதே மண்ணின் நீரைச் சிலருடைய லாபத்திற்கு விட்டுக்கொடுப்பது எவ்வாறு நியாயமாகும்?

மழைநீரும் கடல்நீரும் சதுப்பில் வந்து கலக்கும் வழிகள் அடைபடலாகாது. உப்பளங்களின் எல்லை இனியும் விரியலாகாது. இளம் பறவைகளை வருஷந்தோறும் தனியே எண்ணி, அக்கணக்கைப் பொதுஜனங்களுக்கு வெளியிட வேண்டும். கட்சைக் காக்கும் குஜராத் சர்க்காரும் கோடிக்கரையைக் காக்கும் தமிழ்நாட்டு சர்க்காரும் இதைத் தங்கள் பொதுக் கடமையாகக் கொள்ள வேண்டுமென்று வற்புறுத்துகிறோம். கூட்டம் கண்ணுக்குத் தெரியுமளவு குறைந்த பின் விழித்துக்கொள்வதில் பயனில்லை.