‘28 இன்ச்’ டயர் வாங்கினாலும் ஏறாது! பழைய சைக்கிளுக்கு பார்ட்ஸ் தேடுபவர்கள் திணறுவது ஏன்?

கார், லாரி, பைக் என எல்லாவற்றுக்கும் பார்ட்ஸ் தயாராகும் இடம் ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் தொழிற்பகுதி. ஆனால், 1950-களில் வந்த ஒரு ஹெர்குலிஸ் சைக்கிளுக்கு ஒரிஜினல் செயின் கவர் வேண்டும் என்றால் அங்கேயும் கையை விரித்துவிடுவார்கள்.

2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் அதன் உதிரிபாகங்களுக்கும் ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. புது சைக்கிள் வாங்குபவர்களுக்கு இது நல்ல செய்தி. பழைய சைக்கிளை மீட்டெடுப்பவர்களுக்கோ வரியைவிட பெரிய சிக்கல் வேறு: எந்த பார்ட் பொருந்தும், அது எங்கே கிடைக்கும்?

சென்னைக்கும் பழைய சைக்கிளுக்கும் என்ன தொடர்பு?

ஒரகடத்தில் 2013-ல் ஆலை திறந்த ராயல் என்ஃபீல்டு, இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் முதலில் சைக்கிள் தயாரித்த நிறுவனம். மோட்டார் சைக்கிளுக்கு வந்தது 1901-ல்தான்.

அதே சென்னைப் புறநகரில், அம்பத்தூரில், முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனமும் கைகோத்து 1949-ல் டி.ஐ. சைக்கிள்ஸை தொடங்கின. ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ., பிலிப்ஸ் என்ற ஆங்கிலேயப் பெயர்கள் நம்மூர் தெருக்களில் நிலைத்தது இப்படித்தான். அந்த இங்கிலாந்து நிறுவனத்தின் தலைவர் சர் ஐவன் ஸ்டெட்ஃபோர்டு பெயரில் அம்பத்தூரில் மருத்துவமனையே இருக்கிறது.

மேற்கு வங்கத்தின் ஆசன்சோலில் ராலே கூட்டணியோடு வந்த சென்-ராலே ஆலை பின்னர் மூடப்பட்டது. 1951-ல் தொடங்கிய அட்லஸ் நிறுவனம், சாஹிபாபாத் ஆலையை 2020 ஜூன் 3-ம் தேதி, அதாவது உலக சைக்கிள் தினத்தன்றே நிறுத்தியது. ஒரு பிராண்ட் நின்றுபோனால், அதற்கென்றே வார்த்த பார்ட்ஸும் அதோடு நின்றுபோகும்.

டயர் ஏன் ஏறுவதில்லை?

பழைய கறுப்பு சைக்கிளின் டயரில் ‘28 × 1½’ என்று இருக்கும். இப்போதைய ‘700சி’ டயர்கள் பலவற்றிலும் 28 என்றே அச்சிடுகிறார்கள். ஆனால் டயர் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம் பழையதில் 635 மி.மீ., புதியதில் 622 மி.மீ. வெறும் 13 மி.மீ. வித்தியாசம்தான். ஆனாலும் எவ்வளவு நெம்பினாலும் ஏறாது.

26 இன்ச்சிலும் இதே கதைதான். பழைய ‘26 × 1⅜’ டயருக்கு 590 மி.மீ.; மலையேற்ற சைக்கிள் டயருக்கு 559 மி.மீ. அதனால் கடையில் இன்ச் கணக்கை மட்டும் சொல்லாமல், மில்லிமீட்டர் எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும்.

பிரேக்கிலும் கவனம் தேவை. கம்பியால் இழுபடும் பழைய பிரேக்கில், கட்டை ரிம்மின் பக்கவாட்டைப் பிடிக்காது, உள்பக்கத்தைப் பிடிக்கும். அதற்கேற்ற வளைவுள்ள ரிம் இல்லாவிட்டால் வண்டி நிற்காது. இது அழகு சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை, உயிர் சம்பந்தப்பட்டது.

எது கிடைக்கும்? எது கிடைக்காது?

பழைய சைக்கிளின் பார்ட்ஸை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, இன்றும் உற்பத்தியில் இருப்பவை. 28 × 1½ டயர், டியூப், போக்ஸ் கம்பி, செயின், பால்ரஸ், பிரேக் கட்டை எல்லாம் இதில் அடங்கும். பெரும்பாலும் லூதியானாவிலிருந்து வருகின்றன. அந்தக் கால வடிவ சைக்கிளை இந்தியா தொடர்ந்து தயாரித்ததால், வெளிநாட்டில் பழைய சைக்கிள் வைத்திருப்பவர்களும் இந்திய பார்ட்ஸைத் தேடுகிறார்கள்.

இரண்டாவது வகை, லேத்தில் கடைந்து எடுக்கக்கூடியவை. ஆக்சில், கோன், பெடல் கிராங்க்கை அச்சில் இறுக்கிப் பிடிக்கும் காட்டர் பின் போன்றவை. இங்கேயும் அளவு முக்கியம். பிரிட்டிஷ் சைக்கிள்களில் காட்டர் பெரும்பாலும் 9.5 மி.மீ. பெடல் அச்சு உட்காரும் இடத்தில் பல பிரிட்டிஷ் வண்டிகளுக்கு இன்ச்சுக்கு 24 மரை. நாட்டிங்ஹாம் ராலேவுக்கு மட்டும் 26 மரை. மாற்றித் திருகினால் ஃப்ரேமின் மரையே போய்விடும்.

மூன்றாவது வகை, இன்னொரு பழைய வண்டியிலிருந்து மட்டுமே கிடைப்பவை. முன்பக்க பித்தளை பேட்ஜ், ‘பி.எஸ்.ஏ.’ எழுத்து வெட்டிய செயின் சக்கரம், ராலேவின் நாரைத் தலை சக்கரம், ஒரிஜினல் விளக்கு போன்றவை. விலை ஏறுவதும் போலி நுழைவதும் இந்த வகையில்தான்.

ஒரகடத்தில் செய்ய முடியாதா?

தொழில்நுட்பம் தடையே இல்லை, எண்ணிக்கைதான் தடை. பெரிய ஆலைகளுக்கு சப்ளை செய்யும் யூனிட்டுக்கு ஆயிரக்கணக்கில் ஆர்டர் வந்தால்தான் டை செய்யும் செலவு கட்டும். மீட்டெடுப்பவருக்கு தேவை ஒன்றோ, பத்தோ. அதனால் தகடு அழுத்திச் செய்யும் செயின் கவர், மட்கார்டு போன்றவை கட்டுப்படியாகாது. ஆனால் காட்டர், கோன் போன்றவற்றுக்கு டை வேண்டாம்; சின்ன லேத் பட்டறையும் சரியான அளவு எழுதிய தாளும் போதும். பலர் சேர்ந்து ஐம்பது, நூறு என்று ஆர்டர் கொடுத்தால் செலவும் குறையும்.

இப்போது அந்த ‘தாள்’தான் இல்லை. பழைய அளவுகள் பல மூத்த மெக்கானிக்குகளின் கைப்பழக்கத்தில் மட்டுமே இருக்கின்றன. அவர்கள் கடையை மூடினால் அந்த அறிவும் போய்விடும்.

வாங்கும் முன் என்ன பார்க்க வேண்டும்?

• 50 ஆண்டு தாண்டிய மோட்டார் வாகனங்களுக்கு 2021 முதல் ‘விண்டேஜ்’ பதிவு உண்டு. சைக்கிளுக்கு ஆர்.சி. புத்தகமே கிடையாது. ஃப்ரேம் எண், பேட்ஜ், பழைய சைக்கிள் லைசென்ஸ் டோக்கன் இவையே சாட்சி.

• ஸ்டர்மி-ஆர்ச்சர் கியர் ஹப் இருந்தால், அதன்மேல் ஆண்டும் மாதமும் எண்ணாகப் பொறித்திருக்கும். விற்பவர் சொல்லும் வயதோடு ஒப்பிடலாம். ஆனால் ஹப் பின்னால் மாற்றப்பட்டிருக்கவும் வாய்ப்பு உண்டு.

• புது பெயின்ட் பளபளப்பைப் பார்த்து ஏமாற வேண்டாம். உள்ளே துருவோ விரிசலோ மறைந்திருக்கலாம். பழைய கோட்டு வேலையும் ஸ்டிக்கரும் ஒருமுறை அழிந்தால் திரும்ப வராது.

• மூன்றாவது வகை பார்ட்ஸ் முழுதாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். டயர் கிழிந்திருந்தால் பரவாயில்லை, மாற்றிவிடலாம். செயின் கவர் காணாமல் போயிருந்தால் வருடக்கணக்கில் தேட வேண்டியிருக்கும்.

வீட்டு மூலையில் துருப்பிடித்து நிற்கும் தாத்தா காலத்து சைக்கிளை எடைக்குப் போட்டால் கிடைப்பது இரும்பு விலைதான். அதிலுள்ள பேட்ஜும் செயின் சக்கரமும் அதோடு உருகிப்போகும். போடுவதற்கு முன் ஒருமுறை துடைத்து, அந்தப் பேட்ஜில் என்ன பெயர் இருக்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது.