தெய்வ பலம் எங்க ஊர்ல நிறைய இருக்கு, இல்லாதது எட்டு மணி நேர வேலைதான்!



அன்னா செபாஸ்டியன் பேராயில். வயசு 26. கொச்சிப் பொண்ணு. 2023 நவம்பர்ல சி.ஏ. பாஸ் பண்ணி, 2024 மார்ச்ல இ.ஒய். நிறுவனத்தோட புனே ஆபீஸ்ல சேர்ந்தாங்க. அதான் முதல் வேலை. ஜூலை 20-ம் தேதி இறந்துட்டாங்க. நாலே மாசம்.

அவங்க அம்மா அனிதா அகஸ்டின், இ.ஒய். இந்தியா தலைவர் ராஜீவ் மேமானிக்கு எழுதின கடிதம் செப்டம்பர்ல நாடு முழுக்கப் பரவுச்சு. கிளம்புற நேரத்துல புது வேலை. கிரிக்கெட் மேட்சுக்காக மேனேஜர் தள்ளிவைக்கிற மீட்டிங். ராத்திரி கொடுத்த வேலையை காலையில கேட்கிறது. டைம் பத்தாதுன்னா, 'நாங்க எல்லாரும் ராத்திரிலதான் பண்றோம்'னு பதில். நெஞ்சு இறுக்கமா இருக்குன்னு போனப்போ, தூக்கம் இல்ல, நேரத்துக்குச் சாப்பாடு இல்லன்னு டாக்டர் சொன்னாராம். அதுக்கப்புறமும் வேலைக்குத்தான் போனாங்க.

வேலைப்பளுதான் காரணம்னு நாங்க நம்பலன்னு நிறுவனம் சொல்லிருச்சு. இறுதிச் சடங்குக்கு யாரும் போகலங்கறதை மட்டும் ஒத்துக்கிட்டாங்க.

அந்தச் சமயத்துல சென்னையில ஒரு கல்லூரி விழாவுல ஒன்றிய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், பேர் சொல்லாம இந்த மரணத்தைப் பத்திப் பேசினார். அழுத்தத்தைத் தாங்குற மன வலிமையை வீட்டுல சொல்லித் தரணும், அது தெய்வ நம்பிக்கையால வரும்னார். அந்தப் பொண்ணைக் குறை சொல்லலன்னு பிறகு விளக்கமும் கொடுத்தார்.

அமைச்சரே, நாங்க திருவண்ணாமலைக்காரங்க. எங்களுக்கு பக்தியை யாரும் சொல்லித்தர வேண்டாம். பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கான ஜனம் 14 கிலோமீட்டர் கிரிவலம் நடக்குற ஊர் இது. எங்க பசங்க நெத்தியில விபூதியோடதான் சென்னைக்கும் பெங்களூருக்கும் பஸ் ஏறுறாங்க. ராத்திரி 1 மணிக்கு வர்ற மேனேஜர் போனை விபூதி தடுக்காது. சட்டம்தான் தடுக்கணும்.

சட்டம் இருந்துச்சா? இங்கதான் வேடிக்கை. மகாராஷ்டிர தொழிலாளர் துறை அந்த புனே ஆபீஸுக்குப் போய்ப் பார்த்தப்போ, 2007-ல இருந்து நடக்குற ஆபீஸுக்கு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப் பதிவே இல்லன்னு தெரிஞ்சுது. ஊரு உலகத்துக் கணக்கைத் தணிக்கை பண்றவங்க, சொந்த ஆபீஸ் கணக்கைச் சரியா வைக்கல!

"ஆடிட்டிங்னா சீசன்ல அப்படித்தான்"னு ஒரு சமாதானம் எப்பவும் வரும். ஜி.எஸ்.டி.க்கு மாசாமாசம் 11, 20-ம் தேதி. வருமான வரிக்கு வழக்கமா ஜூலை 31. வரித் தணிக்கைக்கு செப்டம்பர் 30. எல்லாம் காலண்டர்ல அச்சடிச்ச தேதி. முன்கூட்டியே தெரிஞ்ச தேதி ஒவ்வொரு தடவையும் அவசரம் ஆகுதுன்னா, அது சீசன் இல்ல, ஆள் பற்றாக்குறை. நாலு பேர் வேலையை ரெண்டு பேர் தலையில கட்டி, அதுல மிச்சம் பிடிக்கிற சம்பளம்தான் அந்த 'ஒர்க் கல்ச்சர்'.

தமிழ்நாட்டுல 1947-லேயே கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் வந்தாச்சு. நாளைக்கு 8 மணி, வாரம் 48 மணி. ஓவர்டைம் சேர்த்தாலும் நாளைக்கு 10, வாரம் 54-ஐத் தாண்டக் கூடாது. அந்த ஓவர்டைமுக்கு டபுள் சம்பளம். ஆர்டிகிள்ஷிப் பசங்களுக்கு ஐ.சி.ஏ.ஐ. வெச்சிருக்கிற வழக்கமான நேரம் வாரம் 35 மணிதான். இது நம்ம பசங்கள்ல எத்தனை பேருக்குத் தெரியும்?

பசங்களைப் பிள்ளை மாதிரி பார்த்துக்குற ஆடிட்டர்களும் இருக்காங்க. அவங்களுக்கு இந்தச் சட்டத்தால ஒரு நஷ்டமும் இல்ல. ஒழுங்கா நடத்துறவங்களோட வயித்துல அடிக்கிறதே ஒழுங்கா நடத்தாதவங்கதான்.

நாம கேட்கிறது மூணு. ஒண்ணு, ஆடிட்டர் ஆபீஸ், ஐ.டி. ஆபீஸ்னு பார்க்காம எல்லா இடத்துலயும் வேலை நேரப் பதிவேட்டைத் தொழிலாளர் துறை சோதிக்கணும். ரெண்டு, வீட்டுல லேப்டாப் திறந்து பார்க்குற வேலையும் அந்தக் கணக்குல வரணும். மூணு, புகார் கொடுக்குறவங்க பேர் வெளியே போகக் கூடாது.

நடக்குமான்னு சந்தேகமா? 2023 ஏப்ரல்ல 12 மணி நேர வேலைக்கு வழிவிடுற சட்டத்திருத்தம் நம்ம சட்டமன்றத்துலேயே நிறைவேறுச்சு. தொழிற்சங்கங்கள் கொதிச்சாங்க. மே தினத்தன்னைக்கு அது வாபஸ்னு அறிவிப்பு வந்துச்சு. கேட்டாங்க, கிடைச்சுது.

ஆகவே இன்னைல இருந்து ஒரு வேலை பண்ணுங்க. வந்த நேரம், போன நேரம், ராத்திரி வந்த மெசேஜ் எல்லாத்தையும் குறிச்சு வைங்க. கணக்கு எழுதத் தெரிஞ்ச பசங்கதானே நாம? முதல்ல நம்ம கணக்கை எழுதுவோம்!

பகிருங்கள் தோழர்களே. முதல் வேலைக்குப் போற உங்க தம்பி, தங்கச்சிக்கு முதல்ல அனுப்புங்கள்.

#எட்டுமணிநேரம்எங்கள்உரிமை