காலியான கூடு... லேப்டாப்போடு லிஸ்பன் பறக்கும் 50 ப்ளஸ் ஜோடிகள்!

கடைசிப் பிள்ளையையும் காலேஜ் ஹாஸ்டல்ல விட்டுட்டு வந்த முதல் ராத்திரி எப்படி இருக்கும் தெரியுமா? பழக்கதோஷத்துல நாலு பேருக்குச் சமைச்சிட்டு, மறுநாளும் அதையே சூடு பண்ணிச் சாப்பிடுவாங்க. டி.வி ரிமோட்டுக்குச் சண்டை போட ஆள் இருக்காது. இதுக்குப் பேர்தான் 'எம்ப்டி நெஸ்ட்'. குஞ்சுகள் பறந்துபோன கூடு.

நம்ம ஊர் அப்பா அம்மாவுக்கு அடுத்த கட்டம் ஓரளவு தெரிஞ்சதுதான். பருப்புப்பொடியும் ஊறுகாயும் கட்டிக்கிட்டு, பேரன் பேத்தியைப் பார்த்துக்க அமெரிக்கா போய் ஆறு மாசம் இருந்துட்டு வருவாங்க. ஆனா, அதே அமெரிக்காவுல ஐம்பதைத் தாண்டிய சில ஜோடிகள் நேரெதிரா, பிள்ளைகள் இருக்குற நாட்டை விட்டே கிளம்புறாங்க. வீட்டை வித்துட்டு, இல்லைன்னா வாடகைக்கு விட்டுட்டு, ஆளுக்கொரு லேப்டாப்போட! அவங்க விரும்பிப் போற ஊர்களில் ஒன்று, போர்ச்சுகலின் தலைநகர் லிஸ்பன்.

வாங்க வாங்கன்னு கூப்பிட்ட விசா

நல்ல வெயில், பக்கத்துல கடல், அமெரிக்காவைவிடக் குறைந்த செலவு. கூடவே விசா வசதி. வெளிநாட்டு கம்பெனிக்கு போர்ச்சுகலில் உட்கார்ந்தபடி வேலை பார்க்கறவங்களுக்காக 2022 அக்டோபர் இறுதியில் 'டி8' விசா வந்தது. நிபந்தனை, அந்த நாட்டின் குறைந்தபட்ச சம்பளத்தைப்போல நாலு மடங்கு வருமானம் இருக்கணும். 2025 கணக்குப்படி குறைந்தபட்ச சம்பளம் மாதம் 870 யூரோ. அப்போ, வர்றவங்க காட்ட வேண்டியது 3,480 யூரோ. இந்த ரெண்டு நம்பரையும் ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

ஏழு மலை, நாலு முட்டி!

ஒரு ஜோடியைக் கற்பனை பண்ணிக்கோங்க. கலிஃபோர்னியாக்காரங்க. முதல் அதிர்ச்சி, தெரு. லிஸ்பனை ஏழு மலைகளின் நகரம்னு சொல்வாங்க. போட்டோவுல அழகா இருக்குற கல் பதித்த நடைபாதை, மழை பெஞ்சா வழுக்கும். மளிகைப் பையோட ஏறும்போது ரெண்டு பேருடைய நாலு முட்டியும் சேர்ந்து கச்சேரி பண்ணும்.

அடுத்தது, குளிர். 'வெயில் ஊர்'னு நம்பி வந்தா, டிசம்பர்ல வெளியே இருக்குறதைவிட வீட்டுக்குள்ள அதிகமா குளிரும். பல பழைய வீடுகள்ல ஹீட்டர் வசதியே கிடையாது. ஸ்வெட்டர் போட்டுக்கிட்டுதான் ஆபீஸ் மீட்டிங்.

அந்த மீட்டிங்கும் எப்போ? கலிஃபோர்னியாவில் காலை 9 மணின்னா லிஸ்பனில் மாலை 5. ஊரே வேலை முடிஞ்சு ஒயின் குடிக்கக் கிளம்புற நேரத்துல இவங்க லாகின் பண்ணணும். முடிக்கும்போது நள்ளிரவு தாண்டிடும். நம்ம ஓ.எம்.ஆர்ல நைட் ஷிஃப்ட் பார்க்கற பசங்களுக்கு இது பழைய கதை!

மொழி இன்னொரு கூத்து. அமெரிக்காவுல ஆப் வழியா கத்துக்கிட்டது பெரும்பாலும் பிரேசில் போர்ச்சுகீசியமா இருக்கும். பஸ்ஸுக்கு பிரேசில்ல ஒரு வார்த்தை, லிஸ்பன்ல வேற வார்த்தை. இந்த விஷயத்துல நாம கொஞ்சம் பரவாயில்லை. ஜன்னல், சாவி, மேசை, அலமாரி எல்லாமே போர்ச்சுகீசியத்திலிருந்து தமிழுக்கு வந்தவைதான். வீடு பார்க்கப் போகத் தேவையான பாதி மொழி நம்ம கையில!

எல்லாத்தையும்விடப் பெரிய சவால், சாப்பாட்டு மேசை. 25 வருஷமா 'ஃபீஸ் கட்டியாச்சா', 'பிள்ளை சாப்பிட்டானா'ன்னே பேசிப் பழகினவங்க, எதிரெதிரே லேப்டாப் வெச்சு உட்கார்ந்ததும்தான் 'இவருக்கு போன்ல இவ்வளவு சத்தமா பேசற பழக்கமா?'ன்னு கண்டுபிடிப்பாங்க. புது நாட்டைவிட, பழைய துணைதான் அதிகம் ஆச்சர்யப்படுத்தும்.

யார் கூட்டில் யார்?

இதுவரை சிரிச்சாச்சு. இப்போ அந்த ரெண்டு நம்பருக்கு வருவோம். 870, 3,480. ஒரே தெருவில், ஒரே வீட்டுக்கு இவங்க ரெண்டு தரப்பும் போட்டி போட்டா யாருக்குக் கிடைக்கும்?

ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளிவிவர அமைப்பான யூரோஸ்டாட் 2021-க்கு வெளியிட்ட கணக்கில், போர்ச்சுகல் இளைஞர்கள் பெற்றோர் வீட்டை விட்டு வெளியேறும் சராசரி வயது 33.6. ஒன்றியத்திலேயே அதுதான் அதிகம். அடுத்தடுத்த கணக்குகளில் அது குறைந்திருந்தாலும், ஐரோப்பிய சராசரியைவிட மேலேதான் இருக்கு. அதாவது, பிள்ளைகள் பறந்துபோன ஜோடிகள் வந்து இறங்குறது, பிள்ளைகள் பறக்க முடியாத ஊரில்! 2023 ஏப்ரல் 1 அன்று வாடகை உயர்வை எதிர்த்து ஆயிரக்கணக்கானவர்கள் லிஸ்பன் தெருவில் இறங்கினாங்க.

அதுக்காக மொத்தப் பழியையும் இந்த ஜோடிகள் மேல போடுறது நியாயமில்லை. குறைந்த சம்பளம், டூரிஸ்ட்டுகளுக்கு நாள் வாடகைக்குப் போன ஃபிளாட்டுகள், போதுமான அளவு கட்டப்படாத வீடுகள்னு காரணங்கள் நிறைய. போதாததுக்கு, அரசே கூப்பிட்டது. 2011-ல் 7,800 கோடி யூரோ கடனுதவி வாங்கித் தத்தளித்த நாடு அது. வெளிநாட்டுப் பணம் வரணும்னு வரிச் சலுகை கொடுத்தாங்க. வீடு வாங்கினா 'கோல்டன் விசா'ன்னாங்க. வெளிநாட்டு ஓய்வூதியர்களுக்கு அங்கே கிடைத்த வரிச் சலுகையில் கடுப்பான ஃபின்லாந்து, போர்ச்சுகலுடனான வரி ஒப்பந்தத்தையே முறிச்சுக்கிட்டது. கடைசியில், வீடு வாங்கி விசா பெறும் வழியை 2023-ல் மூடினாங்க. பழைய வரிச் சலுகையும் 2024-ல் புதியவர்களுக்கு நின்றுபோச்சு. ஆனா, அதுக்குள்ள ஏறின வாடகை இறங்கலை.

அப்போ அந்த ஜோடிகள் போகவே கூடாதா? போகலாம். பிள்ளைகளுக்காகவே கால் நூற்றாண்டு ஓடினவங்க, மிச்சமிருக்குற காலத்தைத் தங்களுக்காக வாழ நினைக்கிறதில் தப்பே இல்லை. போற இடத்தைக் கொஞ்சம் யோசிக்கலாம். கடற்கரையை விட்டு உள்ளே தள்ளிப் போனால், இளைஞர்கள் வெளியேறி, வயசானவங்க மட்டும் மிஞ்சியிருக்கும் போர்ச்சுகல் கிராமங்கள் நிறைய. பூட்டிக் கிடக்கும் வீடுகள், ஆளில்லாத டீக்கடை மாதிரியான காபிக்கடைகள். பிள்ளைகளைப் பிரிந்த வலியைப் பேச அக்கம்பக்கத்துலயே ஆள் கிடைக்கும்.

நிஜமாவே காலியான கூடுகள் அங்கேதான் இருக்கு!