காபனைத் திட்டினால் பாறை இளமையாகிவிடுமா?



நம்ம ஊர் வாட்ஸ்அப் குரூப்புகளில் மூன்று நாளாக ஒரு வீடியோ சுற்றுகிறது. காபன் டேட்டிங் பிழையாம், ஆகவே பாறைகளுக்கு மில்லியன் கணக்கில் வயது சொல்வதெல்லாம் கட்டுக்கதையாம். சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் நேற்று பத்தாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று, தான் எழுதிய சரியான விடையை அழித்துவிட்டு, "வாப்பா எழுத வேணாம் என்டாங்க சேர்" என்றது. இனிப் பேசாமல் இருக்க ஏலாது.

காபன்-14 இன் அரைவாழ்வுக் காலம் சுமார் 5730 வருடம். ஏறக்குறைய 50,000 வருடத்துக்கு மேல் அளக்க ஒன்றும் மிஞ்சாது. மில்லியன் வருடப் பாறைக்கு அதை யாரும் பாவிப்பதில்லை. நகைக்கடைத் தராசில் நெல்மூட்டை நிறுக்க ஏலாது என்று வீடியோ போடுகிறார்கள். யார் ஏலும் என்றது?

அருவக்காலுவில் சீமெந்துக்கு வெட்டும் சுண்ணக்கல்லைப் பாருங்கள். அந்தக் கல்லோடு வேலை செய்யும் வாப்பாமார் நம்மிடையே இருக்கிறார்கள். கடலடியில் படிந்த கல் அது. இலங்கையின் இந்தப் படைகள் மயோசின் காலத்தவை என்று வேலன்டும் டேவிஸும் 1923 இலேயே எழுதினார்கள், உயிர்ச்சுவடுகளை வைத்து. மயோசின் என்றால் 23 முதல் 5.3 மில்லியன் வருடத்துக்கு முன்.

"சுவடால் பாறைக்கு வயது, பாறையால் சுவடுக்கு வயது, இது சுத்துமாத்து" என்பது அடுத்த வாதம். வில்லியம் ஸ்மித் சுவடுகளின் வரிசையைக் கொண்டு இங்கிலாந்தின் படத்தை வெளியிட்டது 1815 இல். கதிர்த்தொழிற்பாடு கண்டுபிடிக்கப்பட்டது 1896 இல். வரிசை முதலில், மணிக்கூடு பிறகு. சீனாவின் மெய்ஷானில் கடற்படைகளுக்கு இடையே எரிமலைச் சாம்பல் இருக்கிறது. அதிலுள்ள சிர்க்கன் பளிங்குகளில் யுரேனியம் எவ்வளவு ஈயமாக மாறியது என்று அளந்தார்கள். பேர்மியன் காலத்துச் சுவடுகள் மறையும் இடத்துக்கு வந்த வயது சுமார் 252 மில்லியன் வருடம். சுவடைக் கேட்டா அந்த மணிக்கூடு ஓடியது?

சாம்பல் இல்லாத இடத்தில் சிப்பியே சாட்சி. ஓடு கட்டும்போது சிப்பி கடல்நீரின் ஸ்ரொன்சியத்தையும் உள்ளே எடுக்கிறது. கடல் நன்றாகக் கலப்பதால், ஒரே காலத்தில் ஸ்ரொன்சியம்-87 க்கும் 86 க்கும் உள்ள விகிதம் எல்லாச் சமுத்திரத்திலும் ஒன்றுதான். இன்று 0.7092 அளவில். மயோசின் தொடக்கத்தில் 0.7083 அளவில் இருந்து படிப்படியாக ஏறியது. ஓட்டை அளந்தால் அந்த ஏற்றத்தில் எந்தப் படி என்று தெரியும். நிலத்தடி நீர் ஊறி மாறிப்போன ஓடு பிழையான எண் தரும். அதனால்தான் முதலில் ஓட்டைச் சோதிக்கிறார்கள். அந்தப் பிழையைக் கண்டுபிடித்ததும் விஞ்ஞானிகள்தான், வீடியோக்காரர் அல்ல.

மார்க்கத்தை இழுக்கிறவர்களுக்கு: அரபுப் பாலைநிலம் ஒரு காலம் கடலாக இருந்தது, கிணறு தோண்டினால் சிப்பி வருகிறது என்று அல்பிரூனி ஆயிரம் வருடத்துக்கு முன்பே எழுதினார். அவருடைய ஈமானை யாரும் அளக்கவில்லை.

வீடியோவை அனுப்பிய சகோதரர் அதே குரூப்பில் ஒரு திருத்தம் போடட்டும். சனிக்கிழமை அஸருக்குப் பிறகு வகுப்பில் நான்கைந்து சுண்ணக்கல்லும் கைவில்லையும் வைத்திருப்பேன், இன்ஷா அல்லாஹ். அந்தப் பிள்ளையின் வாப்பாவும் வரட்டும்.