கண்ணிமைப்பும் கைந்நொடிப்பும்

இயல், இசை, கூத்து என்னும் மூன்றும் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்தவை என்று வகுப்பறைகளில் நாம் ஓயாமல் சொல்லி வருகிறோம். அப்பிணைப்பு எந்த முடிச்சில் நிகழ்கிறது என்று ஒரு மாணவர் எழுந்து கேட்டால் விடை கூறுவோர் சிலரே. அண்மைக் காலமாக நம் மாணவர்கள் அம்முடிச்சைத் தாமே போட்டுப் பார்க்கத் தொடங்கியுள்ளனர். முத்தமிழ் விழாவிற்கும் களப்பணி அறிக்கைக்கும் இப்போது கட்டுரையோடு காணொளியும் வந்து சேர்கிறது. திருவொற்றியூர்க் குப்பம், இராயபுரம் மீன்பிடித் துறைமுகம், எண்ணூர்க் கழிமுகம் ஆகியவற்றைக் காட்டும் ஐந்து நிமிடப் படம். அதற்குள் நான்கு பாட்டுகள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு நடை. இந்நான்கையும் ஒரே படத்தோடு பொருத்துவது எவ்வாறு? இது கணிப்பொறித் துறையின் வேலையன்றோ, தமிழ்த் துறை மலருக்கு எதற்கு என்று பெரியோர் சிலர் வினவக்கூடும். தமிழ்த் துறைக்கே உரிய வினா இது என்பது என் துணிபு.

எழுத்தின் ஒலிப்பளவாகிய மாத்திரைக்குத் தொல்காப்பியர் இரண்டு அளவைகளைச் சொன்னார். ஒன்று கண்ணிமைத்தல், மற்றொன்று கைந்நொடித்தல். (இன்று நாம் 'செகண்டு' என்பதற்கு நொடி என்கிறோம், அவர் கருதியது விரலைச் சுண்டும் கால அளவே.) இமைப்பு கண்ணுக்கு உரியது, நொடிப்பு காதுக்கு உரியது. இவ்விரண்டையும் அவர் ஒருசேர வைத்த அந்த இடத்தில்தான் படமும் இசையும் சந்திக்கின்றன என்று நான் மாணவர்க்குக் கூறுவதுண்டு. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையோ இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. மாதவி ஆடும் அரங்கில் குழலின் வழியே யாழும், யாழின் வழியே தண்ணுமையும், தண்ணுமையின் வழியே முழவும் நின்றன என்கிறார் இளங்கோவடிகள். எல்லாக் கருவிகளையும் ஒரே ஒலியாக அவர் அரைத்துவிடவில்லை. ஒன்று முன்னே செல்ல மற்றொன்று அதன் பின்னே நிற்கும் முறைமையைக் காட்டுகிறார். யார் முன்னே, யார் பின்னே என்பதே பொருத்துதலின் முதல் கேள்வி.

கணக்கைச் சிறிது பார்ப்போம். திரைப்படம் நொடிக்கு 24 சட்டங்களாக ஓடுகிறது. நிமிடத்திற்கு 120 தட்டு விழும் பாட்டென்றால் ஒரு தட்டுக்கு 12 சட்டங்கள். 90 தட்டென்றால் 16 சட்டங்கள். இவ்விரு பாட்டுகளும் ஒரே கணத்தில் தொடங்கினால், இரண்டு நொடிக்கு ஒருமுறை, அதாவது 48 சட்டங்களுக்கு ஒருமுறை, ஒன்றின் மூன்றாம் தட்டு முடிவும் மற்றதன் நான்காம் தட்டு முடிவும் கூடிவரும். மும்மையும் நான்மையும் சந்திக்கும் அந்த இடத்தில் காட்சியை வெட்டினால், ஒரு பாட்டிலிருந்து மற்றொன்றுக்கு இடறாமல் தாவலாம். 90க்கு மாறாக 92 என்றால் கூடுமிடம் 15 நொடிக்கு ஒருமுறையே வாய்க்கும். இதற்காக 92ஐ 90ஆகக் குறைத்துக்கொள்வது பிழையன்று. அச்சிறு வேறுபாட்டைப் பெரும்பாலோர் உணரார். நம் தொலைக்காட்சி முறைப்படி நொடிக்கு 25 சட்டங்கள் என வைத்தால் கணக்கு மாறும். அப்போது 120 தட்டு பன்னிரண்டரைச் சட்டத்தில் விழுந்து தொல்லை தரும். 100 தட்டு 15இல் ஒழுங்காக விழும்.

ஊமைப்படக் காலத்தில் படம் ஓடும் வேகம் ஒரு நிலையாக இருந்ததில்லை. கையால் சுற்றுபவரின் போக்கில் அது கூடும், குறையும். திரையருகே வாசித்தவர்கள் படத்தைப் பார்த்துத் தம் நடையை மாற்றிக்கொண்டனர். 1931இல் 'காளிதாஸ்' வழியாகத் தமிழ் பேசும் படம் வந்தபோது இந்த நெகிழ்வு முடிந்துபோயிற்று. உலகெங்கும் பேசும் படத்திற்கு வேகம் நிலைப்படுத்தப்பட்டதற்குக் காரணம் ஒலியே. படம் சற்றே விரைந்தால் கண் பொறுத்துக்கொள்ளும். குரல் சற்றே விரைந்தால் காது பொறுக்காது. ஆகவே படம் இசைக்குப் பணிய வேண்டும் என்று நான் கூறுவது பாட்டின்மேல் உள்ள பற்றினால் மட்டும் அன்று.

இன்றைய மென்பொருள்களோ இதற்கு நேர்மாறான வசதியைக் கையில் கொடுத்துவிட்டன. எல்லாப் பாட்டையும் ஒரே நடைக்கு இழுத்துவிடு என்றால் கணிப்பொறி இழுத்துவிடும். ஒலிநாடாக் காலத்தில் இப்படிச் செய்ய முடியாது. 75 தட்டுப் பாட்டை 100 தட்டுக்கு விரைவுபடுத்தினால் சுருதியும் உடன் ஏறி, ச இருந்த இடத்தில் ம நிற்கும். கேட்டவர் உடனே நகைப்பார். இப்போது சுருதி அசையாமல் காலம் மட்டும் சுருங்குகிறது. குற்றம் வெளியே தெரிவதில்லை. ஆதலால் குற்றம் என்றே எவரும் எண்ணுவதில்லை. ஆயினும் கூர்ந்து கேட்டால் நெடில்கள் குறுகியிருக்கும், தோற்கருவியின் அடி மழுங்கியிருக்கும், மூச்சு வாங்கும் இடம் காணாமற் போயிருக்கும்.

இதில் இழப்பது யார் என்பதே என் கவலை. கடற்கரையில் வலை இழுப்போர் பாடும் அம்பாப் பாட்டை எடுத்துக்கொள்வோம். ஒருவர் முன்னே பாட, மற்றவர் ஏற்றுப் பாடுவர். அதன் தாளத்தைப் பாடகர் வகுத்ததில்லை; கயிற்றின் கனமும், அலையின் இழுப்பும், மணலில் ஊன்றிய காலும் சேர்ந்து வகுத்தது அது. இரு இழுப்புகளுக்கு நடுவே உடல் எவ்வளவு நேரம் இளைப்பாற வேண்டுமோ அவ்வளவே பாட்டில் இடைவெளி. கரைவலை இழுக்க அகன்ற மணற்கரை வேண்டும். சென்னைத் துறைமுகத்தின் கற்சுவர்கள் கடலுக்குள் நீண்ட பிறகு, தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் தடைப்பட்டது. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை கடல் கரையை உண்டது. இன்று அங்கே நெடுந்தொலைவிற்குக் கருங்கல் கொட்டப்பட்டிருக்கிறது. கருங்கல்லின்மேல் நின்று கரைவலை இழுக்க இயலுமா? தொழில் நழுவிய இடத்தில் பாட்டு முதியவர் சிலரின் நினைவில் மட்டும் நிற்கிறது. அவர்களிடமிருந்து பதிவுசெய்து வந்த பாட்டைத் திரைப்பாட்டின் 120 தட்டுக்கு இழுத்து வைத்தால், அந்த உழைப்பின் அளவை அறிவிக்கும் எஞ்சிய சான்றையும் நாமே அழித்தவர்களாவோம். கல்வெட்டைப் படியெடுக்கப் போனவர் எழுத்து அழகாக இல்லையென்று உளிகொண்டு திருத்துவாரா?

கானாவுக்கும் இஃது ஒக்கும். இழவு வீட்டின் முன் இரவில் பாடப்படும் கானா, 1990களில் இசையமைப்பாளர் தேவா வழியாகத் திரையில் பரவிய கானாவைப் போல் விரைவதில்லை. இரண்டையும் ஒரே பெயரால் அழைக்கிறோம் என்பதற்காக ஒரே நடையில் அடைக்கக் கூடாது.

இராயபுரத்தில் அடங்கியிருக்கும் குணங்குடி மஸ்தான் சாகிபு அவர்களின் பாடல்களில் கண்ணியும் உண்டு, விருத்தமும் உண்டு. (கானாவின் வேர்களுள் ஒன்றை அவருடைய பாடல்களில் காண்போரும் உளர்.) கண்ணியைத் தாளமிட்டுப் பாடலாம், விருத்தம் தாளத்திற்குள் அடங்காமல் விரிந்து செல்லும். விருத்தத்தைப் படத்தோடு பொருத்த முனையும் மாணவர் தட்டைத் தேடித் தவிக்கிறார். தேட வேண்டியது தட்டை அன்று, சீரை. சீர் முடியும் இடம், அடி முடியும் இடம், பாடுவோர் மூச்சை இழுக்கும் இடம் ஆகியவை காட்சி மாறுவதற்கு இயற்கையான வாயில்கள். யாப்பு கற்ற மாணவருக்கு இவ்வேலை எளிது. தமிழ்த் துறைக்கு உரியது என்று நான் சொன்னதன் பொருள் இதுவே.

2017ஆம் ஆண்டு சனவரியில் வெளிவந்த 'சென்னைப் புறம்போக்குப் பாடல்' நம் பகுதிக்கு நல்ல எடுத்துக்காட்டு. கபேர் வாசுகி இயற்றிய பாட்டை டி.எம். கிருஷ்ணா இராகமாலிகையாக, சென்னைத் தமிழிலேயே, எண்ணூர்க் கழிமுகத்தைக் களமாகக் கொண்டு பாடியிருக்கிறார். ஒரே பாட்டு, அதற்கெனவே எடுத்த படம். ஆதலால் பொருத்தம் கைகூடியது. அதே மாத இறுதியில் எண்ணூருக்கு அப்பால் இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கரையொதுங்கியது. மக்கள் வாளிகளால் கசடை அள்ளினர். 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது எண்ணெய் மீண்டும் கழிமுகத்தில் படர்ந்தது. அத்தகைய காட்சிகளுக்கு வெற்றி முழக்கம் போன்ற விரைந்த இசையைச் சேர்த்த காணொளிகளை நான் கண்டதுண்டு. வாளியைத் தூக்கும் கை எவ்வளவு மெல்ல எழுகிறது என்பதை அவ்விசை மறைத்துவிடுகிறது. துன்பம் விளையாட்டாகிவிடுகிறது.

"மெதுவான பாட்டைப் போட்டால் அரங்கில் எவரும் உட்கார மாட்டார்கள், ஐயா" என்பர் மாணவர். இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அலுப்புக்குக் காரணம் மெதுவான நடை அன்று. எல்லாம் ஒரே நடையில் இருப்பதுதான். விரைந்த பாட்டுக்குப் பின் அம்பா தன் நடையிலேயே வந்தால் அரங்கம் நிமிர்ந்து உட்காரும். கூடுமிடம் கணக்கில் வாய்க்காத இரு பாட்டுகளை இணைக்கவும் வழி உண்டு. முதற்பாட்டு முடிந்ததும் சில நொடிகள் பாட்டே வேண்டா. அலையோசையோ, விசைப்படகின் இயந்திர ஒலியோ, எண்ணூர் விரைவுச் சாலையில் போகும் கன்டெய்னர் லாரியின் இரைச்சலோ நிற்கட்டும். முன்னைய தாளம் கேட்போர் காலில் அடங்கிய பின் அடுத்ததைத் தொடங்கலாம்.

அவ்வொலி கையிருப்பில் இருக்க வேண்டுமானால் களத்திலேயே அதனைப் பதிவுசெய்திருக்க வேண்டும். இவ்வாண்டு எண்ணூருக்குக் களப்பணி செல்லும் மாணவர்கள், பாட்டி பாடி முடித்ததும் கருவியை அணைத்துவிடாமல், யாரும் பேசாமல் இன்னும் ஒரு நிமிடம் ஓட விடுக. பாடியவர் பெயரையும் ஊரையும், அவர் ஒப்புதலோடு, அப்போதே எழுதிக்கொள்க.