கூலியை விட்டுப் போக வேண்டிய பரிசோதனை

1943-ல் மனநல மருத்துவர் லியோ கேனர் ஆட்டிசம் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் இடம்பெற்றவர்கள் 11 குழந்தைகள். பெரும்பாலும் நன்கு படித்த குடும்பத்துப் பிள்ளைகள். அவரைத் தேடிப்போக வழி இருந்தவர்கள். விளைவு, இது மேல்தட்டுக் குறைபாடு என்ற எண்ணம் பல பத்தாண்டுகள் நிலைத்துவிட்டது.

அமெரிக்கக் கணக்குகளும் வெள்ளையினக் குழந்தைகளிடமே ஆட்டிசம் அதிகம் என்று நெடுங்காலம் காட்டின. 2020ஆம் ஆண்டுத் தரவில் அது தலைகீழானது. எட்டு வயதினரில் ஆட்டிசம் கண்டறியப்பட்டவர்கள் வெள்ளையரில் 2.4 சதவீதம், கறுப்பினத்தவரில் 2.9, ஆசியரில் 3.3. விடுபட்டிருந்த குடும்பங்களுக்கும் பரிசோதனை எட்டியதே இதற்கு முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது.

தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்துக்கு இது தூரத்துச் செய்தி இல்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் கண்ட ஊர் இது. ஆனாலும் பக்கத்துத் தேரிக்காட்டில் பனையேறும் வீட்டுப் பிள்ளைக்கு மூன்று வயதாகியும் பேச்சு வராவிட்டால், "அவங்க அப்பனும் பிந்தித்தான் பேசுனான்" என்ற ஆறுதல்தான் முதலில் கிடைக்கும். அந்த ஆறுதலில் கரையும் மாதங்கள்தான் பயிற்சி அதிகம் பலன் தரும் மாதங்கள்.

2013-ல் வந்த தேசிய சிறார் நலத் திட்டத்தின்படி அங்கன்வாடிப் பிள்ளைகளை ஆண்டுக்கு இருமுறை மருத்துவக் குழு பார்க்க வேண்டும். ஐயம் இருந்தால் மாவட்ட மையத்துக்கு அனுப்ப வேண்டும். காகிதத்தில் நல்ல ஏற்பாடு. ஆனால் பேச்சுப் பயிற்சி ஒரே நாளில் முடிவதா? தூத்துக்குடிக்குப் பஸ் ஏறும் ஒவ்வொரு நாளும் தாயின் கூலி போகிறது. சில வாரங்களில் பயணம் நின்றுவிடும். வாரத்தில் ஒரு நாளாவது பயிற்சியாளர் நாசரேத்துக்கும் சாத்தான்குளத்துக்கும் வர வேண்டும். அரசு இதை இந்த ஆண்டே தொடங்கலாம்.