பெயரை எந்த இடத்தில் வெட்டுவது?

தரம் 10 பிள்ளைகளுக்கு ஒப்படை ஒன்று கொடுத்து மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லியிருந்தேன். ஒரு பிள்ளை அனுப்பிய மடலுக்குப் பதிலாகவே அவளுடைய கூட்டாளியும் தன்னுடையதை அனுப்பியிருக்கிறாள். தேடிப் பார்த்தபோது முதல் பெயர் மட்டும்தான் கண்ணில் பட்டது. இரண்டாவது பிள்ளைக்கு "கிடைக்கவில்லை" என்று குறித்துவிட்டேன். அடுத்த நாள் அவள் மெதுவாக வந்து, "உம்மாட போன்ல இருந்து அனுப்பினேன் ஸேர்" என்றாள். முகம் வாடியிருந்தது. பிழை என்னுடையது. ஆனால் பிழைக்கு வழி விட்டது ஒரு வரி நிரல்.

நான் பாவிப்பது நொட்மச். 2009இல் கார்ல் வொர்த் தொடங்கிய திறந்த மூல மென்பொருள். அதை ஈமாக்ஸுக்குள் திறந்து தேடினால் ஓர் உரையாடலுக்கு ஒரு வரி வரும்: திகதி, மடல்களின் எண்ணிக்கை, அனுப்பியவர்கள், தலைப்பு, குறிச்சொற்கள். அனுப்பியவர்கள் எல்லோருக்கும் சேர்த்து வழமையாக 20 இடம்தான். இரண்டு மடல் இருப்பதாக எண்ணிக்கை சொல்லியிருக்கிறது. நான்தான் பார்க்கவில்லை.

"அந்த அளவை நீங்களே மாற்றலாமே" என்பீர்கள். உண்மைதான், அமைப்பில் 20ஐ 40 ஆக்கினேன், சரியாகிவிட்டது. ஆனால் எத்தனை பேர் அமைப்புக்குள் போய்க் கை வைக்கிறார்கள்? பெரும்பாலானோர் வந்தபடியே பாவிக்கிறோம். அதனால்தான் சொல்கிறேன்: தேடல் முடிவுகளின் தோற்றத்தை மாற்றும் திருத்தம் ஒன்று முன்வைக்கப்பட்டால், அதைப் பரிசீலிப்பவர் "மாற்ற வசதி இருக்கிறதா" என்பதோடு நிற்கக் கூடாது. மாற்றாதவருக்கு என்ன தெரியும் என்றும் கேட்க வேண்டும்.

இன்னொன்று, எண்ணும் முறை. "பாத்திமா ரிஸ்னா" என்ற பெயரை எடுங்கள். நம் கணக்கில் 7 எழுத்து. யூனிகோட் கணக்கில் உயிர்க்குறி, புள்ளி, இடைவெளி எல்லாம் தனித்தனி. மொத்தம் 15. 20 இடத்தில் இரண்டாவது பிள்ளைக்கு என்ன மிச்சம்? யூனிகோட் குறிகளை எண்ணி வெட்டும் நிரல் புள்ளிக்கு முன்னால் வெட்டினால் "அப்துல்" என்பது "அப்துல" ஆகிவிடும். ஆங்கிலப் பெயரை மட்டும் வைத்துச் சோதித்தவருக்கு இது ஒருநாளும் தெரியாது.

நம் பெயர்களுக்கு இன்னொரு சங்கடம். என் வகுப்பில் பாத்திமாக்கள் பலர், முஹம்மதுகள் பலர். பெயரின் தொடக்கத்தை வைத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டினால் ஆளையே வெட்டியது போலத்தான்.

ஆகவே பரிசீலிப்பவரிடம் நான் எதிர்பார்ப்பது நான்கு. பழைய தோற்றத்தை நம்பியிருப்பவருக்கு எதுவும் உடையக் கூடாது. நிரல்கள் வாசிப்பதற்கு ஜேசன் வடிவம் தனியாக இருக்கிறது, கண்ணுக்கான வரியையும் அதையும் குழப்பக் கூடாது. வெட்டினால் வெட்டியது தெரிய வேண்டும், முழு எழுத்தாக வெட்ட வேண்டும். சோதனையில் தமிழ், சிங்கள, அரபுப் பெயர்கள் சிலவாவது இருக்க வேண்டும்.

இதைக் கேட்பது அந்த நிரலை எழுதியவரைக் குறை சொல்வதல்ல. விடைத்தாள் திருத்தும்போது பிள்ளையைத் திட்டாமல் விடையைத் திருத்துகிறோம் அல்லவா, அப்படித்தான். நொட்மச்சில் திருத்தங்கள் மின்னஞ்சலிலேயே வருகின்றன, அங்கேயே கருத்தும் சொல்கிறார்கள். நிரல் எழுதத் தெரியாதவரும் "இந்தப் பெயரை வைத்துப் பாருங்கள்" என்று இரண்டு வரி எழுதலாம்.

கணினி படிப்பிக்கும் நண்பர்களே, பிள்ளைகளுக்கு நிரல் எழுத மட்டும் சொல்லிக் கொடுக்காதீர்கள். தங்கள் சொந்தப் பெயரைக் கொடுத்து அதைச் சோதிக்கவும் பழக்குங்கள். அந்தப் பிள்ளைக்குப் புள்ளி போட்டுவிட்டேன். வகுப்பில் எல்லோர் முன்னாலும் மன்னிப்பும் கேட்டேன்.